சுஹுராவின் நாற்காலி அட்டவணை

என் தங்கை சுஹுரா ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர் டாங்காவில் கல்யாணத்துக்கும் துக்க வீட்டுக்கும் நாற்காலி வாடகைக்கு விடுகிறாள். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. லாரி ஓட்டுவதும் ஏற்றி இறக்கும்போது எண்ணுவதும் என் வேலை. ஏழாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் இன்றுவரை ஒன்று குறைந்ததில்லை.

போன வருடம் அவள் எக்செல் வகுப்பில் சேர்ந்தாள். பழைய மடிக்கணினி ஒன்று வாங்கினாள். உலை கொதிப்பதற்குள் இரண்டு வரி, மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே இரண்டு வரி. "அண்ணே, ஒரு தட்டு தட்டினா எல்லாம் வரிசையா நின்னுடுது பாரு!" என்பாள். எனக்குப் பாதி புரியாது. ஆனாலும் தெருவில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை இரண்டு கல்யாணம். இரண்டுக்கும் தலா முந்நூறு நாற்காலி; ஒன்று முடிந்ததும் அதே நாற்காலிகள் அடுத்ததற்குப் போக வேண்டும். ஒன்று கிஜா அம்மா வீட்டில். அவருக்கு இன்னும் மூன்று பெண்கள்; இந்தக் கல்யாணம் நன்றாக நடந்தால் அந்த மூன்று கல்யாண வேலையும் சுஹுராவுக்குத்தான். அவள் கொடுத்த தாளில் முதல் வரி: மணி ஒன்று, சூளைக்காரர் வீடு. அடுத்தது: மணி நான்கு, கிஜா அம்மா.

"விடிஞ்சும் விடியாம யாரும்மா நிக்காஹ் வைப்பாங்க?"

"பட்டியல்ல அப்படித்தான் வந்திருக்கு. நேரமாச்சு, கிளம்புண்ணே."

ஊருக்கு வெளியே போய் முந்நூறையும் எண்ணி இறக்கினேன். வாயில் பல்குச்சியோடு சூளைக்காரர் வந்தார். "என்னய்யா, மாப்பிள்ளைய எழுப்பிக் குளிப்பாட்டவும் நீதான் வந்தியா? கல்யாணம் ராத்திரி ஒண்ணுக்கு!"

விடிந்து ஒரு மணி நேரமானால் எங்கள் ஊர்க் கணக்கில் மணி ஒன்று. இருட்டி ஒரு மணி நேரமானாலும் ஒன்றுதான். சுஹுரா வெறும் எண்ணை மட்டும் போட்டிருக்கிறாள். கணினி சின்ன எண்ணை மேலே ஏற்றிவிட்டது.

போனில் சொன்னேன். "ஐயோ" என்றாள்; உடனே வைத்துவிட்டாள்.

நான் திரும்ப ஏற்றிக்கொண்டு கிஜா அம்மா வீடு சேர்ந்தபோது மணி நாலரை. சம்பந்தி வீட்டார் வெயிலில் நின்றபடி ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார்கள். சுஹுரா எனக்கு முன்பே வந்து வாசலில் நின்றாள். கல்யாணத்துக்கென்று உடுத்திய கங்காத் துணியை இழுத்துச் செருகிக்கொண்டு, நாலு நாலாக நாற்காலி சுமந்தாள்.

"கம்ப்யூட்டர் படிச்சவளாமே நீ," என்றார் கிஜா அம்மா. "வந்தவங்கள உட்கார வைக்கிறதுக்கு அதுல பாடம் இல்லியா?"

"தப்பு என்னுதுதாம்மா. பகல், இரவுன்னு பிரிச்சுப் போடல."

சாப்பாடு முடியும்வரை அவள் வரிசைக்கு வரிசை நடந்துகொண்டே இருந்தாள். பிறகு ஒரு நாற்காலிமேல் கணினியை வைத்து, நின்றபடியே புதுக் கட்டங்கள் போட ஆரம்பித்தாள். கிஜா அம்மா பின்னால் வந்து நின்றார்.

"என் அடுத்த பொண்ணு கல்யாணம் ராத்திரி ரெண்டுக்கு. அதை எங்க போடுவே? காட்டு."

சுஹுரா தட்டினாள். அது பகல் வரிகளையெல்லாம் தாண்டிக் கீழே போய் நின்றது.

கிஜா அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"அவ பேரு நஜிமா," என்றார். "அதையாவது ஒழுங்கா எழுது."