சக்கர நாற்காலி நுழையாத பூங்கா

என் மனைவியைப் பூங்காவுக்கு வெளியே நிறுத்தி வைத்தது நீங்கள்தான், குடியிருப்பாளர் சங்கத் தலைவரே.

எங்கள் தாமான் குடியிருப்புப் பூங்காவின் நடைபாதையில் மேடு பள்ளம் கிடையாது. குழந்தைகளும் வயதானவர்களும் சிரமமில்லாமல் குளத்தைச் சுற்றி வரலாம். நான் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் வேலை முடிந்து திரும்பும்போது அவள் அங்கேதான் நடந்துகொண்டிருப்பாள். இனிப்பு நீர் நோயால் அவளுடைய ஒரு காலை வெட்டி எடுத்த பிறகு, சக்கர நாற்காலியில் உட்காரவைத்து நான் தள்ளிக்கொண்டு போனேன். அவள் வீட்டை விட்டு வெளியே வருவது அதற்கு மட்டும்தான்.

மோட்டார் சைக்கிள்கள் பூங்காவுக்குள் குறுக்கு வழியாக ஓடுகின்றன என்று வாசலில் இரும்புத் தூண்களை நட்டீர்கள். நாற்காலி நுழையவில்லை. உங்களிடம் வந்து சொன்னேன்.

“பொறுங்கண்ணே, ஒரு தூண எடுத்துறலாம் லா,” என்றீர்கள். கேட்கும்போதெல்லாம் அதையே சொன்னீர்கள். மோட்டார்காரர்களோ பின்பக்கக் கால்வாயின் குறுக்கே ஒற்றைப் பலகையைப் போட்டு உள்ளே ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

தூணுக்கு இந்தப் பக்கம் நிறுத்தினால், அவள் கழுத்தை நீட்டிக் குளத்தைத் தேடுவாள். ஒரு நாள் உள்ளே பறந்த மோட்டாரைப் பார்த்து, “எனக்கும் ஒரு ஹெல்மெட் வாங்கிக் குடுங்க, உள்ள விட்டுருவாங்க,” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன மாதம் அவள் இறந்துவிட்டாள். துக்கம் கேட்க வந்து என் கையைப் பிடித்தீர்கள். தூண் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.

இனி என் வீட்டுக்கு வந்து ஆறுதல் சொல்ல வேண்டாம். அடுத்த சங்கக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்லுங்கள்: ஒரே ஒரு தூணைப் பிடுங்க உங்களுக்கு ஏன் மனம் வரவில்லை?