ஜஸீமா கடையில் எதுவும் அணைவதில்லை

யார் மடிக்கணினியைக் கொண்டுவந்தாலும் ஜஸீமா உடனே திருகாணியைக் கழற்றிவிடமாட்டாள். ஓடவிட்டு, அடிப்பக்கத்தைக் காதோடு வைத்து, கண்ணை மூடிக் கேட்பாள். "விசிறியில தூசி அடைச்சிருக்கு" என்பாள். கழற்றினால் அடைத்துத்தான் இருக்கும். புளியங்குடியில் வாப்பாவின் விசைத்தறிகளுக்கு நடுவில் வளர்ந்த காது அது. எந்தத் தறியில் நூல் கொண்டோடும் நாடா தடுக்குகிறது என்று சோறு தின்றுகொண்டே சொல்லிவிடும்.

அந்த வீட்டிலிருந்து வந்த இன்னொரு பழக்கமும் உண்டு. ஓடுகிற எதையும் அணைக்கமாட்டாள். தறியை நிறுத்தி மறுபடி ஓட்டினால், நின்ற இடத்தில் துணியில் கோடு விழும். சம்பந்தி வீட்டார் வாசலில் வந்து நின்றபோதுகூட வாப்பா தறியை நிறுத்தவில்லையாம். சங்கரன்கோவில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அவள் கடையிலும் அதே சட்டம்தான். கையில் எடுத்த கணினி, வேலை முடிந்து ஆள் வாங்கிப் போகும்வரை அணையாது. மிஞ்சிப்போனால் ரீஸ்டார்ட். "ஓடுத மெஷின அமத்தக்கூடாதுவே, சீக்கு வந்துரும்." கணினியில் துணியா நெய்கிறோம் என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்களுக்குக் கிடைத்த பார்வையில் மறுபடி கேட்கவில்லை.

பூட்டை உடைத்த விண்டோஸை அவள் யாருக்கும் போட்டுத் தருவதில்லை. "ஊரான் பூட்ட ஒடச்சு எடுக்கது எதுக்கு? லினக்ஸ எல்லாருக்கும் சும்மாவே தாரான். அத வச்சுக்கிட்டா ஆகாதா?" பாதிப்பேர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். மீதிப்பேர் தங்கள் கிழட்டுக் கணினி துள்ளி ஓடுவதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். ராயகிரி மாலாவும் போன வாரம் அப்படித்தான் வாயைப் பிளந்தாள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் வைஃபை இல்லை.

மாலாவின் மாமனார் படுத்த படுக்கை. அவரை விட்டுவிட்டு வெளியே வேலைக்குப் போக வழியில்லை. வீட்டிலிருந்தே விடைத்தாள் திருத்தும் வேலைக்கு இன்று சாயங்காலம் நேர்காணல், அவள் வீட்டில், அவள் கணினியில். வீட்டுக்குள் செல்போன் சிக்னல் எட்டிப் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டு வைஃபைதான் கதி. பக்கத்து வீட்டு அக்காவை மாமனாரிடம் உட்காரவைத்துவிட்டு, காலை பஸ்ஸில் கணினியோடு வந்துவிட்டாள். ஒன்றரை மணி பஸ்ஸை விட்டால் நேர்காணல் போச்சு.

"ஃபர்ம்வேர் ஏறல மக்கா, வேற ஒண்ணுமில்ல" என்றாள் ஜஸீமா. வைஃபை கார்டுக்குள் போய் அதை எழுப்பிவிடும் சின்னக் கோப்பு அது. அதை எடுக்க இணையம் வேண்டும். இணையம் வர அது வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை. ஜஸீமா தன் செல்போனைக் கேபிளில் மாட்டி, அதன் வழியே கோப்பை இறக்கி ஏற்றினாள். ரீஸ்டார்ட். வைஃபை இல்லை. பார்த்தால் அது வேறு கார்டுக்கானது. நாக்கைக் கடித்துக்கொண்டு சரியானதைத் தேடி ஏற்றினாள். ரீஸ்டார்ட். இல்லை. மறுபடி ரீஸ்டார்ட். ஃபர்ம்வேர் ஏறவில்லை என்று திரையில் அதே சிவப்பு வரி. மணி ஒன்றை நெருங்கியது.

கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "கார்டு செத்துப்போச்சு. திருநெல்வேலியிலருந்துதான் வரணும்."

மாலா கத்தவில்லை. கத்தியிருந்தால் ஜஸீமாவுக்குத் தேவலை என்றிருக்கும். "அந்தப் பழைய விண்டோஸே இருந்திருக்கலாம்க்கா. நத்த மாரி ஊர்ந்தாலும் வைஃபை வந்துச்சே" என்றாள். ஜஸீமாவுக்குச் சுருக்கென்றது. பழையதை வழித்துத் துடைத்துவிட்டு, இது நன்றாக ஓடும் என்று வாக்குக் கொடுத்தது அவள்தானே!

மாலா எழுந்து, கண்ணைத் துடைத்த கையோடு பிளக்கைப் பிடுங்கினாள். பேட்டரி என்றோ செத்துப்போன கணினி. திரை பொட்டென்று இருண்டது.

"ஏட்டி! அமத்தாதட்டி!"

ஜஸீமாவின் அலறலில், பிரிண்டரை மடியில் வைத்துக் காத்திருந்த ஆறுமுகச்சாமி அண்ணாச்சி எழுந்தே நின்றுவிட்டார். அவள் கணினியைப் பறித்து, திரும்ப மின்சாரம் கொடுத்து, என்ன கெட்டதோ என்று பதறிப் பார்த்தாள். ஒன்றும் கெடவில்லை. திரையின் மூலையில் டீக்கடை வைஃபை, செல்போன் கடை வைஃபை, மாடியில் இருக்கும் லாட்ஜ் வைஃபை எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

திரையில் ஓடிய வரிகளை மேலிருந்து ஒருமுறை படித்தாள். பிறகு புரிந்தது. முதலில் ஏற்றிய தப்பான கோப்பு கார்டுக்குள் சிக்கிக்கொண்டிருக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் கார்டுக்குப் போகும் மின்சாரம் அறாது. அது அறாமல் பழையது இறங்காது, சரியானது ஏறாது. ஒரே ஒருதரம் அணைத்திருந்தால் காலையிலேயே முடிந்திருக்கும். நல்ல கார்டைச் செத்ததென்று சொல்லி ஒருத்தியை அழவைத்தாயிற்று. காது மடல் சுட்டது.

மாலா துள்ளினாள். "பாத்தீயளா அண்ணாச்சி, செத்த கார்டுக்கு அக்கா உசுரு குடுத்துட்டாவ!"

"அந்தப் புள்ள கைராசி அப்படி" என்றார் அண்ணாச்சி.

"நான் ஒண்ணும் செய்யலட்டி. அமத்தாம வச்சிருந்ததே நான்தான். நீ பிடுங்குனதுலதான் சரியாச்சு."

"சும்மா இருங்கக்கா, தன்னடக்கத்தப் பாரு!" என்று சிரித்த மாலா, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜஸீமாவின் வலதுகையைப் பிடித்துத் தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். வெளியே ராயகிரி பஸ் ஹாரன் அடித்தது. ஓடினாள்.

அண்ணாச்சி பிரிண்டரை மேசைமேல் வைத்தார். ஜஸீமா அதைத் தொடவில்லை. மாலாவின் கண்ணீர் ஈரம் பட்ட கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள்.