பெஞ்சில் உட்காராத இரண்டு மாதம்

என்னை யாராவது நல்ல பெண் என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். பதினாறு வயதில் நான் சொன்ன ஒரு பொய்யால் எங்கள் பள்ளிக்கூடத்தின் மேல் வகுப்பையே இழுத்து மூடும்படி ஆகப் பார்த்தது. அதுவும் வாயைத் திறந்து சொன்ன பொய்கூட இல்லை, வாயை மூடிக்கொண்டு சொன்னது.

பள்ளிக்கூடம் மயிலாப்பூரில், லஸ்ஸுக்குப் பக்கத்தில் இருந்தது. வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம்தான். ஆனால் யார் நடந்தார்கள்? பெரிய பெண்கள் தெருவில் நடந்தால் மாட வீதி தலைகீழாகிவிடும் என்பது எங்கள் அப்பாக்களின் எண்ணம். அதனால் இரண்டு பக்கமும் திரை கட்டிய மாட்டுவண்டி வரும். கூடவே ஓர் ஆயா வருவாள். கடலோரக் குப்பத்தில் மீன் பிடிக்கிற குடும்பத்துக்காரி, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. "இன்னாம்மா, வண்டி எவ்ளோ நேரம் நிக்கும்? பொண்ணு இன்னுமா தலை பின்னிக்கினு கீது?" என்று அவள் வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

பெண்ணுக்குப் பதினாலு வயது ஆகாமல் கல்யாணம் கூடாது என்று சட்டம் வந்திருந்த சமயம் அது. அந்தப் புண்ணியத்தில்தான் எங்கள் பள்ளியில் மேல் வகுப்பு என்று ஒன்று முளைத்தது. மொத்தம் பதினோரு பேர். அந்தப் பதினோரு பேரையும் ஸ்கூல் ஃபைனல் பரீட்சை எழுத வைத்துவிட வேண்டும் என்று பெரிய டீச்சர் படாத பாடு பட்டார். சின்ன வயதிலேயே கணவரை இழந்து, பிறகு படித்து, தலைமை ஆசிரியையாக வந்தவர். எங்களுக்கு அவரிடம் பயம் அதிகம், பிரியம் அதைவிட அதிகம்.

குறுக்கே வந்து நின்றது மூன்று நாள். மாதம் மூன்று நாள் ஒவ்வொருத்தியும் வீட்டுக்கு விலக்காகிக் கொல்லைப்புற அறையில் உட்கார்ந்துவிடுவாள். பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவது? வருகைப் பதிவேட்டில் எல்லோருக்கும் ஓட்டை. நாள் குறைந்தால் பரீட்சைக்கு அனுப்ப மாட்டார்கள்.

பெரிய டீச்சர் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. மேல் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே, வராந்தாவில், ஒரு பெஞ்சைப் போட்டார். விலக்கானவள் பக்கத்துக் கதவு வழியாக வந்து அதில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பாடம் கேட்கலாம். அவளுக்குத் தனிக் கூஜா, தனிப் பாய். வண்டியிலும் பின்பக்கம் தனியிடம். கதர் கட்டிய ஒரு வக்கீல், "இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெஞ்சா?" என்று வந்து சத்தம் போட்டார். பெரிய வைதிகர் ஒருவர், "விலக்கானவளை வெளியே அனுப்பச் சொல்றேளே, அடுக்குமா?" என்று வந்து சத்தம் போட்டார். பெரிய டீச்சர் இரண்டு பேருக்கும் மோர் கொடுத்து அனுப்பினார். பெஞ்சு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

என் அம்மாவுக்கு அந்தப் பெஞ்சைக் கண்டாலே ஆகாது. "ஊரே பாக்கறாப்பல வராந்தாவுல உக்காரணுமாக்கும்! தண்டோரா போட்டுடலாமே! பேசாம ஆத்துலயே கெட" என்பாள். அப்பாவோ ஒரே போடாகப் போட்டுவிட்டார். "பரீட்சைக்கு அனுப்பினா கல்யாணத்தை அப்பறம் பாத்துக்கலாம். இல்லேன்னா தை மாசம் அந்தக் கும்பகோணத்து வரனை முடிச்சுடறேன்."

கும்பகோணத்து வரனை நான் பார்த்ததில்லை. நல்லவராகவே இருந்திருக்கலாம். எனக்கு அல்ஜீப்ரா பிடித்திருந்தது, அவ்வளவுதான். இன்னும் நான்கு நாள் போனால் பரீட்சை போய்விடும் என்று வகுப்பு டீச்சர் சொன்னதும் ஒரு முடிவுக்கு வந்தேன். விலக்கானதை வீட்டில் சொல்லவே இல்லை.

பாவி, எவ்வளவு துணிச்சல்! விடிவதற்குள் கிணற்றடியில் துணியை அலசி, மொட்டை மாடியில் விறகுக்குப் பின்னால் உலர்த்தினேன். வெளிப் பெஞ்சில் உட்கார்ந்தால் சேதி வீட்டுக்கு வந்துவிடுமே என்று வகுப்புக்குள்ளேயே உட்கார்ந்தேன். ஊறுகாய் ஜாடியைத் தொட்டேன், சுவாமி விளக்குக்கு எண்ணெய் விட்டேன். இரண்டாவது மாதம் தாத்தாவின் திவசமே அதே நாளில் வந்து தொலைத்தது. அன்றைக்கும் சமையலறையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அம்மாவை ஏமாற்ற முடியுமா? அவள் தெருவுக்கே பஞ்சாங்கம். யார் எப்போது விலக்கு, யாருக்கு எத்தனையாவது மாதம், எல்லாம் அவள் விரல் நுனியில். நான் இரண்டு மாதமாக ஒதுங்கவில்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியாமல் போகும்? பொய் சொல்கிறேன் என்று அவள் நினைத்திருந்தால் பரவாயில்லை. எனக்கு உடம்பு கெட்டுவிட்டது என்று நினைத்துவிட்டாள்.

"ராப்பகலாப் படிச்சுப் படிச்சு உடம்புல சூடேறி ரத்தமே வத்திப்போயிடுத்து!" என்று அழுதாள். குளத்தங்கரை நாட்டு மருந்துக் கடையிலிருந்து கருஞ்சீரகமும் இன்னும் என்னென்னவோ வேர்களும் வந்தன. தினமும் காலையில் ஒரு டம்ளர் கஷாயம். ஐயோ, அந்தக் கசப்பு! நாக்கு செத்துப்போய் மத்தியானம் வரைக்கும் மோர்சாதம்கூடக் கசந்தது. உண்மையைச் சொல்வதா, கஷாயத்தைக் குடிப்பதா? குடித்தேன்.

அம்மா அதோடு நின்றாளா? கோயில் பிராகாரத்தில் பார்த்த அம்மாக்களிடமெல்லாம் சொல்லி வைத்தாள். ஒரு நாள் வண்டியில் ஏறினால் இரண்டு பேரைக் காணோம். அடுத்த வாரம் நான்கு பேரைக் காணோம். ஆயா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்கம்மா பேச்சைக் கேட்டுக்கினு அல்லாரும் பொண்ணுங்கள நிறுத்தறாங்க. ஆமா, உன்ன ரெண்டு மாசமா அந்தப் பெஞ்சாண்ட காணோமே? லீவும் போடல. இன்னா சமாச்சாரம் கண்ணு?"

நான் திரையைப் பார்த்தேன்.

அன்று சாயந்திரமே பெரிய டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா தன் கவலையெல்லாம் கொட்டினாள். டீச்சர் கேட்டுக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். வகுப்புப் பதிவேட்டைத் தினமும் வாங்கிப் பார்க்கிறவருக்குப் புரியாமல் இருக்குமா? ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. மறுநாள் அறைக்குக் கூப்பிட்டார்.

"நான் சொன்னா, பள்ளிக்கூடத்தைக் காப்பாத்திக்கச் சொல்றேன்னு உங்கம்மா நெனைப்பா. நீ சொன்னாத்தான் நம்புவா. ஏழு பேரை வெச்சுண்டு என்னால இந்த வகுப்பை நடத்த முடியாதுடீ." அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கொல்லையில் அம்மா துவரம்பருப்பு புடைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முறம் கையிலிருந்து விழுந்தது.

"அப்ப உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

"இல்லம்மா."

"பெருமாளே!" என்று கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கண்ணைத் திறந்து, பளாரென்று ஒன்று விட்டாள். "திவசத்தன்னிக்குமாடி?"

"ஆமாம்மா."

இன்னொன்று விழுந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். இரண்டு ஜாடி மாவடுவையும் தென்னை மரத்தடியில் கொட்டினாள். கொட்டும்போது அழுதாள், மாவடுவுக்காகவா எனக்காகவா தெரியவில்லை. "அப்பா காதுல விழுந்தா தீர்ந்தது. மூச்சு விடாதே. இனிமே ஒளிக்காம அந்தப் பாழாப்போன பெஞ்சுலயே போய் உக்காரு" என்றாள்.

வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமத்துக்கு அந்த அம்மாக்களெல்லாம் வந்தார்கள். என் உடம்பு எப்படி என்று கேட்டார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அம்மா தாம்பாளத்தை நீட்டிக்கொண்டே சொன்னாள்:

"அவளுக்கு ஒண்ணும் இல்லை. அவ ஒதுங்கித்தான் இருந்திருக்கா. எனக்குத்தான் நாள் கணக்குத் தப்பிடுத்து. படிப்பு மேல வீணாப் பழி போட்டுட்டேன்."

"ஒனக்கா தப்பித்து?" என்று ஒரு மாமி சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள்.

திங்கட்கிழமை வண்டி நிறைந்து வந்தது. நான் ஏறும்போது அம்மா வாசலில் நின்றாள். ஆயா விடுவாளா?

"இன்னாம்மா, உனுக்கே நாள் தப்பிட்சாமே?"

"ஆமாம்டீ, வயசாச்சோல்லியோ" என்றாள் அம்மா.

அப்போது அவளுக்கு முப்பத்தோரு வயது.