பசியாறிட்டுப் போகட்டும்

இந்த நாட்டுக்கு வந்து ஆறு வருஷம்தான் ஆகிறது. ஆனாலும் வெள்ளைக்காரர் யாராவது தினமும் என்னிடம், "நீ உள்ளூர்க்காரன்தானே, இங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார். எனக்கு அது இன்னும் பழகவில்லை. சிம்பாங் ரெங்கத்தை அடுத்து, செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைக் காட்டுக்கு நடுவே, முன்பு துரை பங்களாவாக இருந்து ஓட்டலாகிவிட்ட வீட்டில் விருந்தினரைக் கவனிக்கும் வேலை. கும்பகோணத்தில் பஸ் மாறத் தெரியாதவன், இங்கே ஜொகூர் மாநிலத்தையே விற்கிறேன். பொந்தியானுக்கு ஒரு நாள், கடலும் மீன் சாப்பாடும். பத்து பாகாட் ஊருக்கு ஒரு நாள், கடைத்தெரு. மூன்றாம் நாள் விருந்தினர் நீச்சல்குளத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டார்கள்.

அப்போதுதான் லயம் நினைவுக்கு வந்தது. தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் எட்டுதான் மிச்சம். எங்கள் சலவைப் பிரிவு லெட்சுமி அக்கா அங்கேயே பிறந்து அங்கேயே இருப்பவர்.

"அக்கா, நம்ம கெஸ்ட்டுங்க உங்க லயத்தப் பாக்க வரலாமா? பன்னண்டு பேரு."

"வரட்டும் லா சார். எங்க வீட்டுக்கெல்லாம் யாரு வர்றா? பசியாறிட்டுப் போகட்டும்."

இங்கே பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' ஒட்டும்; பசியாறுவதென்றால் காலைப் பலகாரம். எங்கள் ஊரில் அன்னதானப் பலகையில் மட்டும் பார்த்த சொல். அர்த்தம் தெரிந்துவிட்ட கர்வத்தில், ஓட்டலிலேயே தின்றுவிட்டு வரட்டும் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பயணத்தாளில் தடித்த எழுத்தில் அச்சடித்தேன்: வயிறாரச் சாப்பிட்டுக் கிளம்பவும், அங்குள்ளவர்களுக்குச் சாப்பாட்டுத் தொந்தரவு தரக்கூடாது.

கும்பகோணத்தில் ஒருமுறை சுற்றுலாக்காரர் ஒருவர் கொடியில் காய்ந்த என் வேட்டியைப் படமெடுத்தார். "இதென்ன மிருகக்காட்சிசாலையா?" என்று இங்கிலீஷில் கத்தினேன். இலக்கணப் பிழைகூட இல்லை. அதே நான், லயத்து வாசலில் நின்று, படமெடுக்க வெளிச்சம் நன்றாக விழும் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா லீவு போட்டிருந்தார். பட்டுச்சேலை. கூடத்தில் பாய் விரித்து, பன்னிரண்டு வாழையிலை, தோசை, மிளகாய்ச் சம்பல், கேசரி. "கம் லா, ஈட் லா" என்று அழைத்தார். விருந்தினர் மரியாதை தெரிந்தவர்கள். என் தாளைக் காட்டி, வயிற்றைத் தடவி, "நோ, நோ, தேங்க்யூ" என்றார்கள். படிக்கு வெளியே நின்றபடியே இலைகளைப் படமெடுத்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டார்கள்.

அக்கா வேனைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏன் சார், நம்ம வீட்டுல கை நனைக்க மாட்டாங்களா?"

தப்பு என்னுடையது என்று சொல்ல ஒரே வாக்கியம் போதும். எழுத உட்கார்ந்தால் பக்கம் பக்கமாக வருகிறவனுக்கு அந்த ஒன்று வரவில்லை.

"அவங்களுக்குக் காரம் ஆகாதுக்கா."

"கேசரியுமா?"

பயணத்தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

"அப்ப நீங்களாச்சும் உக்காருங்க."

ஓட்டலில் மூன்று முட்டையோடு நானும் பசியாறியிருந்தேன். உட்கார்ந்தேன். இரண்டாவது தோசையில் போன் அடித்தது, வேனிலிருந்து. வலக்கை சம்பலில் இருந்தது. இடக்கையால் எடுத்து அவர்களிடம் "டூ மினிட்ஸ்" என்றேன். அக்காவிடம் "நல்ல பசி, இன்னொன்னு போடுங்க" என்றேன். இரண்டு பக்கத்தாரும் நம்பிவிட்டார்கள்.