சட்டையில் துடைத்த தேன்

முப்பது வருடம் கழித்துப் பள்ளி நண்பர்கள் எல்லாரும் மலைமேல் நம் பழைய பள்ளியிலேயே கூடுகிறோம் என்று செய்தி வந்ததும், உடனே புதுச் சட்டை எடுத்தவன் நான். அடிவாரத்தில் என்னை ஏற்றிப்போக பைக்கில் வந்தவனைப் பார்த்ததும் அந்தச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டது. எட்டாம் வகுப்பில் விடுதித் தேனைத் திருடிக் குடித்தது நான். பக்கத்தில் படுத்திருந்த அவன் சட்டையில் கையைத் துடைத்ததும் நானேதான். காலையில் அவனைத் திருடன் என்று அடித்து அனுப்பினார்கள். அதற்கப்புறம் அவன் பள்ளிக்கு வரவேயில்லை.

வளைவுகளில் வண்டி பறந்தது. ஒருபக்கம் கிடுகிடு பள்ளம். தொப்பை குறுக்கே நின்றும் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஆளில்லாத ஒரு வளைவில் நிறுத்தினான்.

"எறங்கு."

"டேய், எனக்கு சுகர் இருக்குடா," என்றேன், சம்பந்தமே இல்லாமல்.

"இன்னாத்துக்குடா நடுங்குற? தள்ளிவுட்ருவேன்னா? நீ கைய தொடைக்கும்போது நான் முழிச்சிட்டுதான் இருந்தேன். அன்னிக்கி சொன்னேன், யாரும் நம்பல. இப்ப எம்பொண்ணு நம்ம ஸ்கூல்லதான் டீச்சரு. அப்பன் திருடன்னு எவனோ அவகிட்ட சொல்லிட்டான். நீயே அவகிட்ட சொல்லிடு."

மீதி வழியை மெதுவாகத்தான் ஓட்டினான். இன்னும் நாலு வளைவு இருக்கக்கூடாதா என்று இருந்தது எனக்கு.

பள்ளி வாசலில் அவன் மகள் கைகூப்பி நின்றாள். பின்னால் எங்கள் வகுப்பே நின்றது.

"அம்மா, தேன் திருடினது நான்," என்றேன். வணக்கம் சொல்லவே மறந்துவிட்டது.