நூற்று முப்பது

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் பலமனேரில் தனியாக இருந்தார். தினமும் காலையில் சர்க்கரை பார்த்துவிட்டு, திருப்பதியில் இருந்த எனக்குப் போன் செய்வார். "நூத்தி முப்பதுமா. நீ குழந்தைய பாரு." எப்போதும் அதே அளவு. தினமும் ஒரே அளவு வராது என்று படித்த எனக்குத் தெரியாதா? நம்பினேன்.

அவர் இறந்து இரண்டு மாதம் கழித்து அந்தப் பழைய சர்க்கரை மெஷினை எடுத்தேன். திரை கறுத்துப் போயிருந்தது. கம்ப்யூட்டரில் மாட்டினால் அளவுகளைப் பார்க்கலாம். ஆனால் அதன் ஒயர் முனையில் ஒன்பது துளைகள். என் லேப்டாப்பில் அதற்கு இடமே இல்லை.

"இதெல்லாம் மியூசியத்துல இருக்கணும்மா" என்று சிரித்தபடி கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒரு யுஎஸ்பி அடாப்டரைத் தேடிக் கொடுத்தார்.

மாட்டியதும் லேப்டாப் அதற்கு ஏழாம் போர்ட் என்று எண் கொடுத்தது. மெஷினோடு வந்த பழைய சாஃப்ட்வேர் நான்காம் போர்ட் வரைதான் தேடும். செட்டிங்ஸில் போய் அந்த எண்ணை மூன்றாக மாற்றினேன்.

"இப்ப தெரிஞ்சி என்ன பண்ணப்போற?" என்றார் கணவர்.

"நான் எதையாவது கவனிக்காம விட்டேனான்னு தெரியணும்."

அளவுகள் வரிசையாக வந்தன. முந்நூற்றுப் பத்து. முந்நூற்று அறுபது. நூற்று முப்பது ஒருநாள்கூட இல்லை.

கடைசி வாரத்தில் ஒரு காலை அவர் குரல் சோர்ந்திருந்தது. "வரட்டுமா நைனா?" என்று கேட்டேன். "கைக்குழந்தைய வெச்சிக்கினு பஸ்ல அலையாதே. நூத்தி முப்பதுதான்."

அந்தத் தேதிக்கு நேராக நானூற்றுப் பன்னிரண்டு என்று இருந்தது.

அன்று நான் பையைக்கூடக் கட்டி வைத்திருந்தேன். போனை வைத்ததும் குழந்தையின் துணிகளை எடுத்துத் திரும்ப பீரோவில் அடுக்கினேன்.