செம்மண் படாத சீருடை

"என்ன சோப்பு போடுறீகக்கா?" என்று ஒரு தாய் இன்னொரு தாயைக் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் அன்று மைதானத்து வேலியோரம் என்னிடம் அதைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்று தைத்தது. கேட்டவர் எங்கள் அணியில் பந்து வீசும் பெண்ணின் அம்மா. "எங்க வீட்டுல ஊறப்போட்டு அடிச்சுத் தொவச்சாலும் இந்தச் செம்மண் போகமாட்டேங்குது. உங்க மக டிரஸ் மட்டும் கடையில வாங்குனது மாதிரியே இருக்கு பாருங்க" என்றார். வெள்ளந்தியான மனுஷி, குத்திப் பேசத் தெரியாது. என் மகளின் சீருடை வெள்ளையாக இருந்ததற்குச் சோப்பு காரணம் இல்லை. அதைப் போட்டுக்கொண்டு அவள் ஒரு மேட்ச்கூட ஆடியதில்லை.

மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. காரைக்குடியில் பெண்பிள்ளைகளுக்கு சாஃப்ட்பால் அணி சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, எங்களைக் கேட்காமலே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். அது என்ன விளையாட்டு என்று கேட்டதற்கு என் கணவர், "கிரிக்கெட்டுக்குத் தங்கச்சி முறை" என்றார். மட்டையால் அடித்துவிட்டு நேர்க்கோட்டில் ஓடாமல் நான்கு மூலையையும் சுற்றி ஓடிவர வேண்டும். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். களத்தில் ஒன்பது பேர் நிற்பார்கள், மிச்சப் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்து கை தட்டுவார்கள். என் மகள் நன்றாகக் கை தட்டினாள்.

பயிற்சிக்கு மட்டும் அவள் இல்லாமல் ஆகாது. பந்து வீசும் பெண் கையைச் சூடாக்கிக்கொள்ள எதிரே ஒருத்தி குத்தவைத்து உட்கார்ந்து பந்தைப் பிடிக்க வேண்டும். அது கேட்சரின் வேலை. எங்கள் கேட்சர் பெண் அந்த நேரத்தில் மட்டை பிடித்துப் பழகப் போய்விடுவாள் என்பதால், பழைய டிராக் பேண்ட்டோடு தினமும் என் மகள்தான் மண்ணில் உட்கார்ந்து பிடித்தாள். மேட்ச் அன்றைக்கு முகமூடியும் காப்புக் கவசமும் கேட்சர் பெண்ணிடம் போய்விடும், மகள் சலவை மடிப்புக் கலையாத சீருடையோடு பெஞ்சுக்குப் போய்விடுவாள்.

நான் அரசு அலுவலகக் கவுண்டரில் உட்காருகிறவள். வரிசையில் நடுவே எவர் புகுந்தாலும், அவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், பின்னால் போய் நிற்கச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை. அப்படிப்பட்டவள் வீட்டுப் பிள்ளை மாதக்கணக்கில் வரிசையிலேயே நிற்கிறாள், அவள் முறை வரவே இல்லை என்றால் எனக்கு எப்படி இருக்கும்? பயிற்சியாளரிடம் போய்க் கேட்டேன். ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருக்கும் இளம்பெண் அவர். பிள்ளைகள் மேல் உயிரை வைத்திருந்தார், ஜெயிப்பதன் மேல் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக.

"அடுத்த மேட்ச்ல கண்டிப்பா இறக்கிருவோம்க்கா."

"போன தடவையும் இதத்தான் சொன்னீக, டீச்சர்."

"போன தடவ ஆட்டம் ரொம்ப டைட்டாப் போச்சுக்கா. தோத்துட்டா இந்த கிரவுண்டையே நமக்குத் தரமாட்டாக."

நான் அடுத்த வாக்கியத்தைத் தயார் செய்வதற்குள் மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "கவுண்டர்ல பேசுற மாதிரி எங்க மிஸ்ஸுகிட்டப் பேசாதம்மா" என்றாள். வாயை மூடிக்கொண்டேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னோடு வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

வருஷக் கடைசியில் எங்கள் ஊரிலேயே போட்டி வந்தது. காலையில் அரையிறுதி, மத்தியானம் இறுதி. முதல் நாள் சாயங்காலம் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில் வந்து நின்று, "நாளைக்கும் இறக்கலைன்னா இந்த டிரஸ்ஸ மிஸ்ஸுகிட்டத் திருப்பிக் குடுத்துட்டு வந்துருவேன்மா" என்றாள். அழவில்லை, கோபப்படவில்லை. எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்ட குரல். விடியுமுன் எழுந்து, தானாக சைக்கிள் எடுத்துக்கொண்டு பயிற்சிக்குப் போகிற பிள்ளை அவள். வேறு எதற்கும் அவளை அப்படி எழுப்ப முடிந்ததில்லை.

அரையிறுதியில் ஜெயித்தோம். மகள் பெஞ்சில் இருந்தாள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்து என் கணவர் எனக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார்.

இனிச் சாப்பாட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். பந்து வீசும் பெண்ணின் அப்பா கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறவர். அன்றைக்குக் கண்டனூரில், வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற ஒரு பெரிய வீட்டைத் திறந்து கல்யாணம். அங்கே சமைத்ததோடு சேர்த்து எங்கள் பிள்ளைகளுக்கும் சமைத்து, அண்டா குண்டாவோடு குட்டி வண்டியில் அனுப்பிவிட்டார். வேறு ஊராக இருந்தால் விளையாடுகிற பிள்ளைகளுக்கு இரண்டு வாழைப்பழமும் எலுமிச்சைச் சாறும் கொடுத்திருப்பார்கள். செட்டிநாட்டில் பிள்ளைகளின் வயிறு காய்ந்தால் பெற்றவர்களுக்கு மரியாதை இல்லை. மைதானத்தின் ஓரத்து வேப்பமரத்தடியில் பேப்பர் விரித்து, இலை போட்டு, கும்மாயம், கந்தரப்பம், கவுனி அரிசி, பருப்பு நெய், சாம்பார், பாயசம் என்று கல்யாணப் பந்தியே போட்டுவிட்டோம். கும்மாயம் என்பது உளுந்தும் கருப்பட்டியும் நெய்யும் சேர்த்துக் கிண்டுவது. ஒரு கரண்டி தின்றால் அரை நாளைக்குத் தாங்கும்.

இலை எல்லோருக்கும் ஒரே தடவையில் போட இடம் போதவில்லை. உடனே பந்து வீசும் பெண்ணின் அம்மா, "ஆடுற பிள்ளைக மொதப் பந்தியில உக்காருங்கத்தா. மத்தவுக அடுத்த பந்தி" என்று அறிவித்துவிட்டார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாரை முதலில் உட்கார வைக்கிற பழக்கம் அது. அவர் நாக்கில் தானாக வந்துவிட்டது. பெஞ்சுப் பிள்ளைகள் முதல் பந்திக்காரிகளின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்கள், என் மகளும் நின்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. பந்திக்கு முந்து படைக்குப் பிந்து என்பார்கள். இங்கே பந்திக்கும் அவர்களே முந்து, படைக்கும் அவர்களே முந்து என்றால் பின்னால் நிற்கிற பிள்ளைகள் எதற்கு? ஆனால் இலை போட்ட இடத்தில் சண்டை போடக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். என் கையில் கும்மாயத் தூக்கைக் கொடுத்திருந்தார்கள். பரிமாறுகிற கை சுருங்கினால் பேச்சுக்கு ஆளாக வேண்டும். அதனால் கோபத்தை எல்லாம் முழுங்கிக்கொண்டு, "வச்சுக்கத்தா, இன்னொரு கரண்டி வச்சுக்க" என்று இலை இலையாக உபசரித்தேன். வேண்டாம் என்று கையைக் குறுக்கே நீட்டிய கேட்சர் பெண்ணுக்கு, கையைத் தள்ளிவிட்டு வைத்தேன். எங்கள் ஊரில் முதல் தடவை வேண்டாம் என்று சொன்னால் அதைக் கணக்கில் எடுக்க மாட்டோம்.

முதல் பந்தி எழுந்து கை கழுவியது. இரண்டாம் பந்திக்கு இலை விரித்துத் தண்ணீர் தெளித்தோம். அந்த நேரம் பார்த்து மேற்கே மேகம் கருத்துக்கொண்டு வர, மழை வருமுன் இறுதி ஆட்டத்தை முடித்துவிட வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் விசில் ஊதிவிட்டார்கள். பெஞ்சுப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு டம்ளர் மோரைக் குடித்துவிட்டு ஓடினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆட்டமும் இல்லை, சோறும் இல்லை.

எதிரணி மதுரைப் பக்கத்துப் பிள்ளைகள். அவர்கள் பொட்டலச் சோற்றைப் பாதியில் மடித்து வைத்துவிட்டு, மான் குட்டிகள் போல வந்து நின்றார்கள். எங்கள் ஒன்பது பேரும் சீமந்தம் முடிந்த பெண்கள் மாதிரி மெல்ல மெல்ல நடந்து களத்துக்குப் போனார்கள். பந்து வீசும் பெண் குனிந்து வீசிவிட்டு, நிமிரும்போது இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். இடது ஓரத்தில் நின்றவள் ஒரு பந்தைத் துரத்தி ஓடிப் பாதி வழியில் நின்று, ஏப்பம் விட்டு, மறுபடி ஓடினாள். கேட்சர் பெண்ணால் குத்தவைக்கவே முடியவில்லை. உட்காருவாள், எழுந்திருப்பாள். கடைசியில் முகமூடியைக் கழற்றிவிட்டு, "மிஸ், உக்காந்தா எல்லாம் மேல வருது" என்றாள்.

டீச்சர் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். உட்காருவதில் ஒரு வருஷப் பயிற்சி உள்ளவள் அங்கே ஒருத்திதான் இருந்தாள்.

மகள் கவசத்தை மாட்டுகிறாள், முகமூடியைப் போடுகிறாள், போய்க் குத்தவைக்கிறாள். நான் வேலியை விட்டுக் கையை எடுத்து என் கணவரின் கையைப் பிடித்தேன். நகம் பதிந்த தடத்தை அவர் அப்புறம் எல்லோருக்கும் காட்டினார். முதல் பந்தை விட்டுவிட்டாள், எதிரணி ஒரு ஓட்டம் எடுத்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் அவள் கையுறையில் பட்டுத் தெறித்துப் போய், அதற்கும் ஒரு ஓட்டம். என் பக்கத்தில் நின்ற பந்து வீசும் பெண்ணின் அம்மா உச்சுக் கொட்டினார். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. அதற்கப்புறம் தினமும் காலையில் பிடித்துப் பழகிய அதே கையின் பந்துகள் ஒவ்வொன்றாக அவள் கைக்கு வந்து அடங்கத் தொடங்கின.

நடுவில் ஒரு தடவை எதிரணிப் பெண் ஒருத்தி மூன்றாவது மூலையைத் தாண்டி, என் மகள் காவல் இருந்த 'ஹோம்' மூலையை நோக்கிப் பாய்ந்து வந்தாள். வெகு தூரத்திலிருந்து பந்து தரையில் குதித்து வருகிறது. என் மகள் முழங்காலைச் செம்மண்ணில் ஊன்றி, சறுக்கி, பந்தைப் பிடித்து, வந்தவள் காலில் வைத்தாள். புழுதி பறந்தது. நடுவர் கையை உயர்த்தி அவுட் என்றார். என்னை உலுக்கி, "பாத்தீகளா, பாத்தீகளா" என்று கத்தியது வேறு யாருமில்லை, உச்சுக் கொட்டிய அதே அம்மாதான்.

தோற்றுப்போனோம். எங்கள் பிள்ளைகளுக்குக் கடைசி வரை ஓட முடியவில்லை. என் மகளுக்கு மட்டை பிடிக்கும் முறை வந்தபோது மூன்று பந்துக்கும் மட்டையைக் காற்றில் வீசிவிட்டு வந்தாள். தூறல் போடத் தொடங்கியது.

வேப்பமரத்தடியில் நனையாத பக்கமாக இரண்டாம் பந்தி போட்டோம். ஆறிப்போன சோறுதான். இந்தத் தடவை பரிமாறியது முதல் பந்திக்காரிகள். கேட்சர் பெண் கும்மாயத் தூக்கை எடுத்துக்கொண்டு என் மகளிடம் வந்து, "வச்சுக்கடி, இன்னொரு கரண்டி வச்சுக்க" என்று என் குரலிலேயே சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். என் மகள் மட்டும் சிரிக்கவில்லை, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, "அந்த ரெண்டு பந்த விட்டிருக்கக் கூடாதும்மா" என்றாள். அதுவரை அணி ஜெயித்தாலும் தோற்றாலும் அவளிடம் ஒரே முகம்தான். தோற்றதற்காக அவள் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இலைக்கு முன்னால் நின்றுகொண்டு பல்லைக் காட்டினேன்.

டீச்சர் அதைக் கேட்டுவிட்டார். "அந்த ரெண்டு பந்தும் உன் தப்பில்லம்மா, என் தப்பு. முன்னாடியே உன்னை நாலு மேட்ச் இறக்கியிருந்தா விட்டிருக்கமாட்ட" என்றார். பிறகு பெற்றவர்கள் பக்கம் திரும்பி, இனி முதல் சுற்று ஆட்டங்களில் எல்லாப் பிள்ளைகளும் கட்டாயம் ஆடுவார்கள், கடைசி ஆட்டங்களில் மட்டும் யாரை இறக்குவது என்பதைத் தன்னிடம் விட்டுவிட வேண்டும் என்றார்.

"அப்ப ஜெயிக்க வேணாமா டீச்சர்?" என்றார் பந்து வீசும் பெண்ணின் அம்மா.

"ஜெயிக்கத்தான்க்கா சொல்றேன். இன்னைக்கு நமக்கு ஆள் இருந்துச்சு, பழகுன ஆள்தான் இல்ல." கும்மாயத் தூக்கைப் பார்த்து, "இன்னொன்னு. மேட்ச்சுக்கு முன்னாடி கும்மாயம் கிடையாது" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் என் கணவர் மெல்ல ஆரம்பித்தார். "கேட்சர் பிள்ளைக்கு நீதான் ரெண்டாவது கரண்டி வச்சியாமே?"

"விருந்துல கேக்காம வைக்கிறதுதான முறை?"

"கை நீட்டித் தடுத்துச்சாமே."

அரியக்குடிப் பெருமாள் சத்தியமாக நான் வேண்டுமென்று செய்யவில்லை என்றேன். பெருமாளை எதற்கு இதில் இழுக்கிறாய் என்றார். இன்றைக்கு வரை அவர் நம்பவில்லை.

அன்று சாயங்காலமே சீருடையை ஊறப்போட்டேன். சோப்புப் போட்டேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன், பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்தேன். முழங்காலில் இருந்த செம்மண் கறை சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. அதைக் கொடியில் காயப்போட்டபோது மகள் வந்து பார்த்தாள். திருப்பிக் கொடுக்கிற பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அடுத்த பயிற்சிக்குப் போனபோது வேலியோரத்தில் அம்மாக்கள் வழக்கம்போலத் துணி துவைக்கிற புலம்பலில் இருந்தார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானாக நடுவே புகுந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எங்க வீட்டுலயும் போகமாட்டேங்குதுக்கா" என்றேன்.